அம்மா அறைக்கு எத்தனை பிடியு? 18,000-இலிருந்து 9,000-க்கு இறங்கிய அனுபவம்

இன்று விடிகாலை 5 மணிக்கு அம்மா அப்பா அறையில் ஈரமானி 62 விழுக்காடு காட்டியது. வெளியே நேற்று மத்தியானம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. போன மழைக்காலத்தில், இதே அறையில், இதே நேரத்தில் 78. இந்த 62-ஐப் பார்க்கத்தான் டிசம்பர் வரை காத்திருந்தேன். வெயில் காலத்தில் எந்த ஏர்கானும் நன்றாக ஓடுவதுபோலத்தான் தெரியும். மழையில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

எங்களுடையது சிங்கப்பூரில், தெம்பனிஸில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. 11வது மாடி, மூலை வீடு. மாஸ்டர் ரூமை அம்மா அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறோம். அப்பா ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார், கழிவறை உள்ளேயே இருந்தால் விழாமல் போய் வரலாம் என்பதற்காக. அறை 4.1 மீட்டருக்கு 3.2 மீட்டர். உயரம் 2.6. நீளப் பக்கச் சுவர் நேர் மேற்கு, அதில்தான் ஜன்னல். தெற்குச் சுவரும் வெளிச்சுவர், ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாலை 4 மணிக்கு மேல் தங்கள் அறையில் நிற்கவே முடியாது என்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான்.

2024 ஜூனில் பழைய 9,000 பிடியு (ஏர்கானின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) இயந்திரம் நின்றுபோனது. கம்ப்ரசர் போய்விட்டது, பதின்மூன்று வருஷம் ஓடியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் அறையின் அளவைக் கேட்டார்கள். மேற்கு வெயில், மூலை வீடு என்று சொன்னதும், "அப்படின்னா 12,000 போடணும், 18,000 போட்டா கவலையே இல்ல" என்றார்கள். அப்போது ஏதோ தள்ளுபடி, 12,000-க்கும் 18,000-க்கும் 140 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தான் வித்தியாசம். பெரியதாக இருந்தால் அடக்கமாக ஓடும், இன்வெர்ட்டர்தானே, தேவைக்குத் தகுந்தபடி தானே குறைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பொருத்தும் வேலையோடு சேர்த்து 1,520 வெள்ளி கட்டி 18,000 போட்டேன்.

முதல் சில மாதம் எல்லாருக்கும் சந்தோஷம். சுவிட்சைத் தட்டிய ஏழெட்டு நிமிஷத்தில் அறை 25-க்கு வந்துவிடும். அப்பா அதையே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் ஆரம்பித்தது. வடகிழக்குப் பருவமழை, வெளியே ராத்திரி 24 டிகிரி. அம்மா காலையில் எழுந்ததும், "என்னப்பா இது, குளிருது, ஆனா உடம்பு பிசுபிசுன்னு இருக்கு. ஈரத்துணியைப் போத்திக்கிட்டுப் படுத்த மாதிரி" என்றார். நான் 25-இலிருந்து 23-க்கு இறக்கினேன். மறுநாள் அப்பா மஃப்ளர் கட்டிக்கொண்டு படுத்தார், பிசுபிசுப்பு போகவில்லை. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் கொட்டியதே ஒரு மழை, சாங்கியில் ஜனவரி முழுவதும் பெய்கிற சராசரியை அந்த இரண்டு நாளிலேயே தாண்டியது, அந்த வாரக் கடைசியில் அம்மா அலமாரியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். தெற்குச் சுவரை ஒட்டிய அலமாரி. அப்பாவின் தோல் பெல்ட்டில் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூஞ்சணம். அடித்தட்டில் இருந்த கூறைப்புடவையை அம்மா மடியில் விரித்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் சரிகை கறுத்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஹால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் அதைப் போட்டு வைத்தார். அன்றைக்குத்தான் இதை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

முதலில் செய்ததெல்லாம் வழிதவறிய வேலை. காயிலில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளில்) அழுக்கு இருக்கும் என்று கெமிக்கல் வாஷ் பண்ணச் சொன்னேன், 95 வெள்ளி. ஆறேழு மாத இயந்திரம், அழுக்கே இல்லை. அப்புறம் ஈரம் எடுக்கும் டிரை மோட். அதில் அரை மணி நேரம் ஈரம் குறையும், அறை 22-க்குப் போகும், பிறகு இயந்திரம் நின்றுவிடும், ஈரம் பழையபடி ஏறும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை அலமாரியில் வைத்தோம். வாரத்துக்கு நாலு நிறைந்தது.

பிறகுதான் அளந்து பார்ப்போம் என்று தோன்றியது. கைபேசியோடு இணைகிற ஈரமானி இரண்டு, ஒன்று 14 வெள்ளி. நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிந்துகொள்ளும். வாங்கியதும் இரண்டையும் ஒரு ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டு விழுக்காடு வித்தியாசம் காட்டின, அதைக் குறித்துக்கொண்டேன். ஒன்றைக் கட்டில் தலைமாட்டில், இன்னொன்றை அலமாரி அடித்தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை வரைபடத்தைத் திறந்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. கம்ப்ரசர் ஓடும் ஐந்தாறு நிமிஷம் ஈரப்பதம் 66-க்கு இறங்குகிறது. அறை 25-ஐத் தொட்டதும் கம்ப்ரசர் நிற்கிறது, ஆனால் உள்ளே விசிறி நிற்பதில்லை. காயில் முழுக்க அப்போதுதான் படிந்த தண்ணீர். அது கீழே வடிந்து தட்டுக்குப் போகுமுன் விசிறி அதன்மேல் காற்றை அடித்து மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. பத்து நிமிஷத்தில் 77, 78. பிறகு கம்ப்ரசர் மறுபடி ஐந்து நிமிஷம். ராத்திரி முழுக்க இதே கதை. இயந்திரம் குளிர்ச்சியைக் கொடுத்துவிடுகிறது, தண்ணீரை மட்டும் வெளியேற்றாமல் சுற்றிச் சுற்றி விடுகிறது.

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். திறன் என்ற வரியில் 5.0 கிலோவாட், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1.5-இலிருந்து 5.6 வரை என்று இருந்தது. வாங்கும்போது நான் பார்க்காத வரி. இன்வெர்ட்டர் தேவைக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே அதனால் போக முடியாது. இந்த இயந்திரத்துக்கு அந்த அடிமட்டம் 1,500 வாட். மழை ராத்திரியில் என் அம்மா அறைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது என்று சந்தேகம் வந்தது. அந்தத் தேவை எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த இரண்டு மாத வேலை.

சிங்கப்பூரில் எல்லாரும் சொல்லும் கணக்கு, சதுர அடியை 65-ஆல் பெருக்கு என்பது. 13.1 சதுர மீட்டர் என்றால் 141 சதுர அடி, பெருக்கினால் 9,165. அந்தக் கணக்கு தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் எந்த நேரத்துக்கு என்று அது சொல்லாது. எனக்கு நேரம்தான் வேண்டியிருந்தது.

துப்பாக்கி மாதிரி நீட்டிச் சுட்டுப் பார்க்கும் ஐஆர் வெப்பமானி 28 வெள்ளிக்கு வாங்கினேன். சுவரின் உட்புறம் அறைக் காற்றைவிட 1 டிகிரி சூடாக இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரும் ஏறத்தாழ 8 வாட் சூட்டை அறைக்குள் விடும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரே எண்ணை வைத்துத்தான் முழு அறையையும் கணக்கிட்டேன். ஒரு எச்சரிக்கை: பளபளப்பான உலோகத்தில் இந்த வெப்பமானி பொய் சொல்லும். வெயில் அடிக்கும் அலுமினியச் சட்டத்தைச் சுட்டால் 27 என்றது, கையை வைத்தால் எரிகிறது. சட்டத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் சுட்டபோது 41. பெயின்ட் அடித்த சுவரில் இந்தத் தொல்லை இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேகமே இல்லாத நாள். மார்ச்சில் சூரியன் நேர் மேற்கில் இறங்கும், எங்கள் சுவருக்கு வருஷத்திலேயே மோசமான நாட்களில் அதுவும் ஒன்று. மத்தியானம் 2 மணியிலிருந்து நடுராத்திரி வரை அரை மணிக்கு ஒரு தடவை சுவரில் பென்சிலால் குறித்த ஆறு புள்ளிகளைச் சுட்டு எழுதினேன். நான் எதிர்பார்த்தது 5 மணிக்குச் சுவர் கொதிக்கும் என்று. 5 மணிக்கு உட்புறம் 30.6 தான். வெயில் போய் இருட்டிய பிறகு, 8:40-க்கு, 33.2. கான்கிரீட் வெளியே வாங்கியதை உள்ளே கொண்டுவர நாலு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் கடிகாரமும் இதற்குத் துணை. 1982 ஜனவரி 1 முதல் நாம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே இருப்பதால் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, 1 மணி வாக்கில். சூரியன் 7 மணி சுமாருக்குத்தான் மறைகிறது. அதனால் படுக்கப்போகும் நேரத்தில்தான் மேற்குச் சுவர் மனிதர்கள்மேல் சூட்டை இறக்குகிறது. அம்மா தலைமாட்டை அந்தச் சுவரில் வைத்திருந்தார். அன்றைக்கே கட்டிலைத் திருப்பிப் போட்டோம்.

ஜன்னல் கணக்கு எளிது. சட்டத்தைக் கழித்துக் கண்ணாடி 2.4 சதுர மீட்டர். மேகமில்லாத மாலையில் மேற்குக் கண்ணாடிமேல் சதுர மீட்டருக்கு 500 வாட் விழும் என்றும், மெல்லிய திரை போட்டால் அதில் பத்தில் ஆறு பங்கு உள்ளே வரும் என்றும் எடுத்துக்கொண்டேன். 720 வாட். கண்ணாடி வழியாகக் கடத்தலில் வருவது இன்னொரு 95. ஆக 815. ஆனால் இது 5 மணிக்கு மட்டும். 7:15-க்கு மேல் ஜன்னலிலிருந்து வருவது 55 வாட்தான்.

இனி தண்ணீர். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், பெரும்பாலானோர் கணக்கில் எடுக்காததும் இதுதான். எங்கள் வீட்டில் உள்யூனிட்டின் வடிகுழாய் சுவரைத் தாண்டிக் கழிவறைத் தரை வாய்க்காலுக்கு மேலே முடிகிறது. அந்தக் குழாய் முனையை 5 லிட்டர் காலி எண்ணெய்ப் போத்தலுக்குள் விட்டு, வாயைத் துணியால் சுற்றி, ராத்திரி 10 மணிக்கு வைத்தேன். முதல் நாள் கணக்கு கெட்டுப்போனது. போத்தலைத் தரையில் வைத்திருந்ததால் அப்பா கால் கழுவிய தண்ணீரும் துணி வழியாக உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் முக்காலிமேல் வைத்தேன். காலை 6 மணிக்கு 4.1 லிட்டர். மணிக்கு 500 மில்லிக்குக் கொஞ்சம் மேலே.

ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க 0.68 கிலோவாட் மணி குளிர்ச்சி செலவாகிறது. மணிக்கு 510 மில்லி என்றால் ஏறத்தாழ 350 வாட். வயதானவர்கள் இரண்டு பேரின் உடல் சூட்டைப்போல இரண்டரை மடங்கு. அதுவும் அறை 76, 77-இல் இருக்கும்போது. 60-க்கு இறக்க வேண்டுமென்றால் இன்னும் நிறையப் பிழிய வேண்டும். மூச்சிலும் வேர்வையிலும் இரண்டு பேரிடமிருந்து மணிக்கு 100 மில்லிதான் வரும். மீதி 400 எங்கிருந்து?

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். ஜன்னல் விளிம்பில் புகை அசையவில்லை. வாசல் கதவின் அடியில் லேசாக ஆடியது. கழிவறைக் கதவருகே கொண்டுபோனதும் புகை வளைந்து அறைக்குள் திரும்பியது. பழைய மடக்குக் கதவு, பிளாஸ்டிக். கீழ்ப்பாதியில் காற்றுப் போக வரிவரியாகத் துளை, அடியில் இரண்டு விரல் இடைவெளி. உள்ளே தரை எப்போதும் ஈரம், ஜன்னல் பட்டிக் கண்ணாடிகள் எப்போதும் திறந்தே இருக்கும். அதாவது 11வது மாடியின் மழைக்காற்று முழுவதும் அந்தக் கதவு வழியாக அம்மா அறைக்கு வந்துகொண்டிருந்தது. ஏர்கான் ராத்திரி முழுக்கக் கழிவறையையும் சேர்த்துக் காயவைத்திருக்கிறது.

சோதனைக்காகக் கதவின் வரிகளை நாளிதழும் டேப்பும் வைத்து மூடி, அடியில் பழைய துண்டை வைத்தேன். அந்த ராத்திரி போத்தலில் 2.5 லிட்டர். ஈரமானி 77-இலிருந்து 70. இயந்திரத்தைத் தொடவே இல்லை.

இப்போது எல்லா எண்ணையும் ஒரே தாளில் கூட்டினேன். இங்கேயும் ஒரு தப்பு. ஜன்னல் 815, மேற்குச் சுவர் 449, தெற்குச் சுவர் 226, உச்சி, தரை, உட்சுவர்கள் சேர்த்து 300, ஆள் 140, டிவியும் விளக்கும் 100, காற்றுக்கசிவு 60, தண்ணீருக்கு 60 விழுக்காட்டு இலக்கை வைத்து 600. ஆக 2,690 வாட், 3.412-ஆல் பெருக்கினால் 9,180 பிடியு. எதற்கும் இருக்கட்டும் என்று கால் பங்கு சேர்த்தேன். 11,475. ஆக 12,000 என்று முடிவு பண்ணி விலைகூட விசாரித்துவிட்டேன்.

தாளை மேசையில் பார்த்த என் மனைவிதான் கேட்டார்: "ஏங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த ரூம்ல யாரு படுத்திருக்கா? ஜன்னல் வெயிலும் ராத்திரி சுவர்ச் சூடும் ஒரே நேரத்துலயா வருது?" வரவில்லை. 5 மணி உச்சத்தையும் 8:40 உச்சத்தையும் நான் ஒன்றாகக் கூட்டியிருந்தேன். நேரவாரியாக மறுபடி எழுதினேன், கதவு அடைத்த பிறகான தண்ணீர்க் கணக்கோடு. மாலை 5 மணிக்கு 2,320 வாட், அதாவது 7,900 பிடியு. ராத்திரி 8:40-க்கு 1,760 வாட், 6,000 பிடியு. விடிகாலை 4 மணிக்கு 950 வாட். மழை ராத்திரியில் வெளியே 24-க்குக் கீழே போனால் அது 600, 700 வாட்டுக்கு வரும்.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. 1,500-க்குக் கீழே இறங்கத் தெரியாத இயந்திரத்தை 700 வாட் அறையில் மாட்டி வைத்திருக்கிறேன். உச்சத்துக்கு 9,000 தாராளம். இனிப் பார்க்க வேண்டியது மேல் எண்ணை அல்ல, அடைப்புக்குறிக்குள் இருக்கும் முதல் எண்ணை. இரண்டு 9,000 பிடியு இயந்திரங்களின் விவரத்தாளை ஒப்பிட்டேன். இரண்டுக்கும் ஐந்து டிக் (மின்சிக்கனத் தரக்குறி), ஒன்றுக்கு அடிமட்டம் 1.3 கிலோவாட், இன்னொன்றுக்கு 0.7. விலையில் 120 வெள்ளி வித்தியாசம். கடையில் இந்த எண்ணை யாரும் வாயால் சொல்லவில்லை, தாளைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று அறைக்கு ஒரே அவுட்டோர் (வெளியே இருக்கும் பகுதி) வைக்கிற சிஸ்டம் 3 வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓர் அறை மட்டும் ஓடும்போதும் அந்தப் பெரிய அவுட்டோரின் அடிமட்டம்தான் கணக்கு.

18,000-ஐ வீணாக்க மனமில்லை. ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்த்து 280 சதுர அடி, 65-ஆல் பெருக்கினால் 18,200. அதற்கென்றே செய்தது போல இருந்தது. ஹாலில் இதுவரை ஏர்கான் இல்லை. ஹாலுக்குத் தனி மின்இணைப்பு இழுக்க உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தோம். இதில் கை வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. பொருத்துபவரும் பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) பயிற்சி பெற்றவர்தானா என்று கேட்டுப் பார்த்துத்தான் வேலை கொடுத்தேன், வீவக வீட்டுக்கு அது கட்டாயம்.

2025 மே மாதம் வேலை நடந்தது. வந்த தம்பிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 18,000-ஐக் கழற்றும்போது, "அண்ணே, பழைய காப்பர் பைப்பையே வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. இதுக்குப் பெரிய பைப் அரை இன்ச், புதுசுக்கு எட்டுல மூணு இன்ச்" என்று விரலால் காட்டினார். ஆக டிரங்கிங்கை (குழாய்களை மூடியிருக்கும் உறையை) திறந்து புதுக் குழாய். காப்பு நுரை 13 மில்லிமீட்டர் தடிமன் கேட்டு வாங்கினேன், மெல்லியது போட்டால் நம் ஊர் ஈரத்தில் குழாயே வியர்த்து டிரங்கிங்கிலிருந்து சொட்டும். புது இயந்திரத்தில் குளிரூட்டும் கேஸ் ஆர்-32. 2022 அக்டோபர் முதல் புவி வெப்பமாக்கும் அளவு 750-க்கு மேல் உள்ள கேஸோடு வீட்டு ஏர்கான்களை இங்கே விற்கக்கூடாது, ஆர்-32-க்கு அது 675.

கேஸ் திறக்குமுன் வேக்கம் இழுப்பதை, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்பால் வெளியே எடுப்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன். "தம்பி, அவசரமில்ல, முழுசா இழுங்க" என்றேன். மானி 500 மைக்ரானுக்குக் கீழே வந்ததும் பம்பை நிறுத்திவிட்டு இருவரும் அரை மணி நேரம் காத்திருந்தோம். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து ஊர்க்கதை கேட்டார். முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் வால்வைத் திறந்தார்.

கழிவறைக் கதவுக்கு நாளிதழை எடுத்துவிட்டு 3 மில்லி தெளிந்த அக்ரிலிக் தகடு வெட்டி வரிகள்மேல் சிலிக்கானால் ஒட்டினேன், 14 வெள்ளி. அடியில் தூரிகைப் பட்டை, 9 வெள்ளி. அப்பா ராத்திரியில் தள்ளித் திறக்கும்போது இடறக்கூடாது என்று பட்டையைத் தரையிலிருந்து 2 மில்லி தூக்கி வைத்தேன். ஜன்னலுக்குப் பின்பக்கம் வெள்ளை பூசிய கனமான திரை, 95 வெள்ளி. அதை மத்தியானம் 1 மணிக்கே மூடிவிட்டால் ராத்திரி 8 மணிக்கு அறை 32-க்குப் பதிலாக 30.6-இல் தொடங்குகிறது. கண்ணாடிக்குச் சூடு தடுக்கும் ஃபிலிம் ஒட்ட 160 வெள்ளி கேட்டார்கள். அது 5 மணிப் பிரச்சினைக்கு மருந்து. எங்கள் பிரச்சினை 9 மணிக்கு மேல். வேண்டாம் என்றுவிட்டேன். பகலில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

புது இயந்திரம் மெதுவாகத்தான் குளிரவைக்கிறது. மே வெயிலில் 30-இலிருந்து 26-க்கு வர 40 நிமிஷம். அப்பாவுக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை, "பழசு உடனே ஜில்லுன்னு வருமே" என்றார். 8 மணிக்கு டைமர் வைத்துவிட்டேன், 9 மணிக்கு அவர் படுக்கப் போகும்போது தயாராக இருக்கிறது. இப்போது வரைபடத்தில் ரம்பம் இல்லை. 10 மணிக்கு மேல் கோடு தட்டையாகப் போகிறது, 26 டிகிரி, 58, 59 விழுக்காடு. போத்தல் சோதனையை மறுபடி செய்தேன், மணிக்கு 380 மில்லி, நிற்காமல் ஒரே சீராக. அறை 23, 25-இலிருந்து 26-க்கு ஏறியிருக்கிறது, அம்மா போர்வையை இடுப்பு வரைதான் இழுத்துக்கொள்கிறார்.

மின்சாரத்தையும் பார்த்தேன். ராத்திரி 11-க்கும் காலை 6-க்கும் வாசலுக்கு வெளியே உள்ள மீட்டரைப் படித்து, குளிர்பதனப் பெட்டியின் பங்கைக் கழித்தேன். பழையது 23-இல் ஓடியபோது சராசரி 3.3 யூனிட், புதியது 26-இல் 1.9. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் மாதம் 12, 13 வெள்ளி. அதிலும் ஒரு பகுதி 26-க்கு ஏற்றியதால் வந்த மிச்சம். பணத்துக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். இயந்திரமும் குழாயும் பொருத்தலும் 1,240 வெள்ளி, அதில் 300 வெள்ளி அரசு தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டில் கழிந்தது. 18,000-ஐ ஹாலுக்கு மாற்ற மின்வேலையோடு 560. அளக்கும் சாமான்கள் எல்லாம் சேர்த்து 56 வெள்ளி. அந்த 56-ஐ முதலில் செலவழித்து, போத்தலை வைத்து, கழிவறைக் கதவை அடைத்திருந்தால் மற்ற செலவு பாதியாகக் குறைந்திருக்கும்.

அடுத்த தடவை செய்வதாக இருந்தால் முதலில் பழைய இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே அளப்பேன். எங்கள் பழைய 9,000 ஓடிக்கொண்டிருந்தபோது போத்தல் வைத்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு வெயில் ராத்திரி, ஒரு மழை ராத்திரி, இரண்டும் வேண்டும். மேற்குச் சுவருக்கு உட்புறம் காப்புப் பலகை போடுவதையும் யோசித்தேன், அந்த 449 வாட்டைப் பாதியாக்கலாம், ஆனால் அறையில் ஐந்து சென்டிமீட்டர் போய்விடும், பலகைக்குப் பின்னால் ஈரம் தேங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளும்வரை தொடப்போவதில்லை.

அலமாரி ஈரமானி இன்றைக்கு 64. கூறைப்புடவையை அம்மா போன வாரம் வெள்ளைத் துணியில் சுற்றி அடித்தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். கறுத்த சரிகை கறுத்ததுதான், அது திரும்பாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இத்தனை நாள் ஏர்கான் சத்தமில்லாமல் கழிவறைத் தரையையும் காயவைத்துக்கொண்டிருந்தது, கதவை அடைத்ததும் அது நின்றுவிட்டது. மழை நாட்களில் காலையில் தரை ஈரமாகவே கிடக்கிறது, அப்பா கால் வைக்கும் இடம். ஜன்னல் பட்டிக் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஆறு அங்குல வெளியேற்று விசிறி பொருத்த அளவெடுத்திருக்கிறேன். சனிக்கிழமை அதற்கான மரச்சட்டத்தை வெட்ட வேண்டும்.